என் பின்சில்லைப் பார்த்து வா

கம்பாலாவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, மகளைத் திருப்பிக் கூட்டிவர.

படிப்பை முடித்த கையோடு, நைரோபியில் தொடங்கி கேப் டவுன் வரை தனியாகச் சைக்கிளில் போகிறேன் என்று அவள் வெளிக்கிட்டபோது, சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வளர்ந்த பிள்ளை, கட்டியா வைக்க முடியும். ஒரு மாதத்தில் அவள் உகண்டாவுக்குள் போய்விட்டாள் என்று அறிந்ததும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவு போட்டிட்டுப் போய் அவளோடை கொஞ்ச நாள் ஓடுங்கோ. எப்பிடியாவது கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தனிய வந்து என்ரை முகத்தில முழியாதேங்கோ."

எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. நான் சைக்கிளிலேயே வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தில் பாரில் தங்கச்சியையும் கரியரில் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, மினிபஸ்ஸுக்கும் மாட்டுவண்டிலுக்கும் ஆமி ட்ரக்குக்கும் நடுவில் ஓடியவன். மகளோ சூரிச்சில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பொலிஸ்காரர் வந்து, திரும்பமுன் பின்னால் பார், கையை நீட்டு என்று சொல்லிக்கொடுத்துப் பரீட்சை வைத்த பிள்ளை. "சைக்கிள் ஓடவும் சோதினையோ" என்று நான் அன்றே சிரித்திருக்கிறேன்.

போதாக்குறைக்கு, உகண்டாவில் வாகனங்கள் இடது பக்கம் ஓடுகின்றன, எங்கள் யாழ்ப்பாணத்தைப் போலவே. கேட்கவா வேண்டும், எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சைக்கிளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், கம்பாலாவுக்கு முன்னால் உள்ள ஜிஞ்சாவில் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

நகரத்துக்குள் நுழைகிற அன்று காலையில் அவளை நிறுத்திவைத்துச் சொன்னேன்.

"பிள்ளை, இடப்பக்கம் எனக்கு ரத்தத்தில ஊறினது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நீ ஒண்டும் யோசியாதை. என்ரை சைக்கிள் பின்சில்லைப் பாத்துக்கொண்டு வா. நான் திரும்பினா திரும்பு, நிண்டா நில்லு."

"ஓமப்பா" என்றாள். ஒரு மாதமாக அவள் இடது பக்கத்தில்தான் தனியாக ஓடிவந்தாள் என்பதை நானும் நினைக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கம்பாலா என்னை முதல் மேட்டிலேயே அதிரவைத்தது. நான் வாய்வீரம் பேசின தெரு அல்ல அது. வெள்ளை மினிபஸ்கள் கதவைத் திறந்தபடியே எங்கள் தோளை உரசின. மோட்டார் சைக்கிள் டாக்சிகள் மழை ஈசல் மாதிரி எல்லாப் பக்கத்தாலும் வந்தன. ஒன்றில் முழுச் சோபா போனது. இன்னொன்றில் ஒரு சவப்பெட்டியைக் குறுக்கே கட்டி, அதற்கு மேல் ஒரு ஆள் கையூன்றிக்கொண்டு கைபேசியில் கதைத்துக்கொண்டு போனார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன், வாய்க்குள் செம்புழுதி போனது. ஆனாலும் ஒரு பிழையும் விடவில்லை. எல்லோரும் போகிற பக்கம் நானும் போனேன், அவ்வளவுதான். அதை என் திறமை என்று நினைத்து, திரும்பி மகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

பிறகு அந்தச் சுற்றுவட்டம் வந்தது. நடுவில் வெள்ளைச் சீருடையில் ஒரு பொலிஸ்காரி நின்றார். எதிர்ப்பக்கத்து வாகனங்களைக் கைகாட்டி மறித்தார். எங்களுக்கு முன்னால் நின்றவையெல்லாம் பாய்ந்து போய்விட்டன. ஒரு நிமிசம் என் முன்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது.

பார்த்துப் போக ஒருவரும் இல்லாத அந்த இடத்தில்தான் என் உடம்பு தன் குணத்தைக் காட்டியது. முப்பது வருசமாக விடிய எழும்பி, வாகனங்கள் வலது பக்கம் ஓடுகிற ஷ்லீரனில் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் சுற்றுவட்டத்துக்குள் எப்படி நுழைவேனோ, அப்படியே நுழைந்தேன். கையை ஒழுங்காக நீட்டி, வலது பக்கமாகத் திரும்பினேன்.

பொலிஸ்காரி கையை இறக்கினார். மறித்து வைத்த அத்தனையும் என் முகத்துக்கு நேரே வந்தன. நான் சைக்கிளோடு நடுத்திட்டில் ஏறி விழுந்தேன். எனக்குப் பின்னால் இரும்பு நசிகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு மினிபஸ்ஸின் பம்பருக்குக் கீழே மகளின் சைக்கிள் கிடந்தது. மகளைக் காணவில்லை. அவளுடைய பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. பெற்று, பெயர் வைத்து, இருபத்தைந்து வருசம் கூப்பிட்ட பெயர்.

மோட்டார் சைக்கிள்காரர் நாலைந்து பேர் அவளைத் தூக்கித் தெருவோரத்தில் இருத்தியிருந்தார்கள். முழங்கை உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. நான் போய் அவளுக்குப் பக்கத்திலேயே புழுதியில் இருந்துவிட்டேன். அவர்களில் ஒருவர் குனிந்து ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல், "அங்கிள், உங்கள் நாட்டில் எந்தப் பக்கம் ஓடுவார்கள்" என்று கேட்டார்.

பின்னேரம், தங்குமிடத்தில் அவள் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நான் பிழையாத் திரும்பினது உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது."

"எப்ப?"

"நீங்கள் திரும்பேக்கையே. கத்தினனான், உங்களுக்குக் கேக்கேல்லை."

"பிறகேன் பின்னாலை வந்தனி?"

இதென்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்களைத் தனிய விடுறதோ அப்பா?"

பஸ்ஸைக் கண்டபோதுகூட நான் அப்படித் திடுக்கிடவில்லை. கம்பாலாவில் என் பிள்ளையைக் கொல்லக்கூடியவனாக இருந்தது நான் ஒருவன்தான். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அவளுடைய பின்சில்லு நெளிந்து எட்டாம் இலக்கம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் என் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றி அவளுடையதில் பூட்டினேன். இரண்டும் ஒரே கடையில் ஒரே அளவில் வாங்கியவை. திரும்பி வா என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் கையை நீட்டாமல், இடது பக்கமாகக் கலந்து, அந்த வாகனங்களுக்குள் மறைந்துபோனாள்.

ஷ்லீரன் வீட்டு வாசலில் ஒரு சில்லுச் சைக்கிளோடு நான் வந்து நின்றதை மனைவி பார்த்தாள். பின்சில்லைப் பற்றி அவள் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவளைத் தனிய விட்டிட்டோ வந்தனீங்கள்?"

"நான் அங்கை நிண்டா அவள் எனக்குப் பின்னாலை வருவாள்" என்றேன்.

"அதுக்குத்தானே உங்களை அனுப்பினது" என்றாள் மனைவி.