தங்கை கேட்ட ஒரு வாய் ஜலம்

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீருக்கு அனுமதி இல்லை. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோல் பட்ட நீர் தீட்டு என்பது பெரியப்பாவின் ஆட்சேபணை. அந்நாளைய ஸ்ரீரங்கத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் காவிரி ஜலம்தான். அம்மா மண்டபம் என்னும் படித்துறையிலிருந்து பெரியப்பாவே குடத்தில் சுமந்து வருவார். ஆடியில் புதுவெள்ளம் காவி நிறத்தில் வரும். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்து அதைத் தெளியவைப்பது, ஒன்பது வயதில், என் பொறுப்பு. வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே என் முகம் தெரியும். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம் என்று வீட்டில் எவரும் எண்ணியதில்லை.

அந்த ஆடியில் தங்கைக்கு ஐந்து வயது. காலையில் பேதி கண்டது. உச்சிப்பொழுதுக்குள் அது அரிசி களைந்த நீர்போல் வெளுத்துவிட்டது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; பிறகு அழக் குரலில்லை. கண்கள் குழிந்தன. விரல் நுனிகள் நெடுநேரம் ஆற்றில் கிடந்தவை போலச் சுருங்கின. காலரா என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அப்பா டாக்டரை அழைத்துவரப் புத்தூர் போனார்.

"உள்ளே போறதெல்லாம் வெளியே வரது. ஒரு சொட்டு ஜலம் கொடுக்கப்படாது" என்றார் பெரியப்பா. இழந்த நீரைத் திரும்பக் கொடுப்பதே அந்நோய்க்கு முதல் மருந்து. உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தது நேர்மாறானது. அம்மா இளகிவிடுவாள் என்று, பானைக்குக் காவலாக என்னை உட்காரவைத்தார் பெரியப்பா.

"அண்ணா, ஒரே ஒரு வாய்டா."

"பெரியப்பா வைவார்."

"சொல்ல மாட்டேன்டா. தீர்த்தம் மாதிரி கையில விடு."

"நாளைக்கு ரெண்டு சொம்பு தரேன். போருமா?"

"மூணு" என்றாள்.

ஒருமுறை அம்மா டம்ளருடன் வந்தாள். நான் பானையைக் கட்டிக்கொண்டு பெரியப்பாவைக் கூவி அழைத்தேன். அம்மா வெறும் டம்ளருடன் திரும்பிப் போனாள்.

டாக்டர் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தங்கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மடிப்பு அப்படியே நின்றது. நாடியைத் தேடினார். பிறகு அவள் கையைப் பாயில் மெல்ல வைத்தார்.

"தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?"

பெரியவர்கள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஒரு சொட்டுகூட இல்லை."

அவர் என்னையே பார்த்தார். பையை மூடிக்கொண்டு எழுந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தவனை அவர் ஏன் பாராட்டவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. பாராட்டுவார் என்று வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன்.