திரையில் சொன்ன சேதி

பெரியப்பாவை நினைத்தால் முதலில் அந்தத் தலைப்பாகைதான் கண்ணுக்குள் வருகிறது. எண்பதுகளின் நடுவில், ஒக்லாந்து நகரின் ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் பழைய ஹொலிவூட் படங்கள் ஓடும். தலைப்பாகையோடு கதவைத் திறந்துவிடுபவராக, பாம்பாட்டியாக, கொள்ளைக்காரனாகப் பெரியப்பா அவற்றில் வந்து போவார். சோபாவில் என் பக்கத்தில் இருக்கும் அதே மனிதர்தான், இளமையாக.

அவர் அப்பாவின் அண்ணன். படத்தில் நடிக்கும் ஆசையில் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியவர். வீட்டுக்குக் கடிதம்கூடப் போடவில்லை. கலிபோர்னியாவில் அரேபியர், பர்மாக்காரர், மகாராசாவின் காவலாள் என்று எல்லாமாகவும் நடித்தார். அவருடைய முகத்துக்கு வேலை இருந்தது, பெயருக்கு இருக்கவில்லை. வயதாகித் தனித்துப்போனவரை அப்பாதான் தேடிப்பிடித்து, கடல் தாண்டி ஒக்லாந்துக்குக் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிறு, படத்தில் அவர் ஒரு வெள்ளைக்காரத் துரைமேல் கத்தியை ஓங்கியபடி உறுமினார்: "அம்மா, நான் சுகமா இருக்கிறன். யோசியாதேங்கோ!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியப்பா சிரிக்கவில்லை.

"உன்ரை பாஷையிலை திட்டு எண்டு டைரக்டர் சொன்னவர். படம் ஊருக்குப் போனால் அம்மா கேப்பா எண்டு நினைச்சன்," என்றவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, இது அங்கை ஓடினதோ?"

"ஓம் அண்ணை."

"அம்மா பாத்தவவோ?"

"படம்தான் தன்ரை பிள்ளையைக் கொண்டுபோனது எண்டு அவ தியேட்டர் வாசலே மிதிக்கேல்லை. நான்தான் பாத்துப்போட்டு ஓடிவந்து சொன்னனான். திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னவ."

"கேட்டுப்போட்டு?"

அண்ணன் தாங்கமாட்டார் என்று அப்பா அதுவரை சொல்லாமல் வைத்திருந்தார். "வரச் சொல்லு எண்டவ. எனக்கு அப்ப உங்கடை விலாசம் தெரியாது."

அடுத்த நாள் காலை, பென்ரோஸ் தொழிற்சாலைக்குப் புறப்பட்ட அப்பாவை, கோட்டும் சப்பாத்துமாகப் பெரியப்பா வாசலில் மறித்தார். ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமாம்.

"அங்கை சண்டை நடக்குது அண்ணை. அம்மா செத்தும் எத்தினை வருஷம். இனி ஆர் இருக்கினம்?"

"வரச் சொன்னவவெல்லே," என்றார் பெரியப்பா.

அவரை நாங்கள் போக விடவில்லை. சண்டை ஓயுமுன்னே அவர் காலமானார், இங்கேதான் எரித்தோம்.

அண்மையில் அந்தப் படத்தைக் கணினியில் கண்டேன். அவர் கத்தும் இடத்தில், திரையின் அடியில் 'அந்நிய மொழியில் சத்தமிடுகிறான்' என்று எழுத்து ஓடியது. தமிழ் தெரியாத என் மகளுக்கு, அவர் சொன்னதையும் அதற்கு வந்த பதிலையும் சொன்னேன்.

"பிறகு போனாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் கத்தும் இடத்துக்குப் படத்தைத் திருப்பி ஓடவிட்டேன்.