செல்விக்குப் பக்கத்து இருக்கை

விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு நூல் ஆலையில் நான் நெறிமுறை அதிகாரி. தவறு நடந்தால் பயப்படாமல் சொல்லுங்கள் என்று தொழிலாளர்களைக் கூட்டிவைத்துப் பேசுவது என் வேலை. பல மாதம் பேசியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் கூட்டத்தில் செல்வி எழுந்தாள். "சூப்பர்வைசர் மிஷின் மூடியக் கழத்திட்டு ஓட்டச் சொல்லுதாரு மேடம். வேலை வெரசா நடக்கணுமாம். யாருக்காவது கை போயிரும்."

விசாரித்தோம், உண்மைதான். மூடிகளை மாட்டினார்கள், சூப்பர்வைசரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். செல்வியை யாரும் பழிவாங்கக் கூடாது என்று உத்தரவும் வாங்கினேன். என் திட்டம் ஜெயித்துவிட்டதென்றே நினைத்தேன்.

மறுவாரம் ஒரு மாலை, ஆலைப் பேருந்து கிளம்பும்போது பார்த்தேன். பெண்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். செல்விக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. சூப்பர்வைசர் அவர்களுக்கெல்லாம் ஊர்க்காரர். அந்த இருக்கையில் உட்காரும்படி யாருக்கு நான் உத்தரவு போட முடியும்?

ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.

"இதுல எதுக்கு மேடம் வாறிய?" என்றாள் செல்வி.

"பக்கத்துல உக்காரலாமா?"

பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். அம்பாசமுத்திரம் வந்தது. இறங்கும்போது, "நாளைக்கும் வருவியளா?" என்றாள்.

வருவேன் என்றேன். இப்போதும் கூட்டங்களில் பேசுகிறேன். 'பயப்படாமல் சொல்லுங்கள்' என்கிற இடம் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.