நாற்பத்திரண்டு நிறங்கள்

பிள்ளையார்பாளையத்துப் பட்டுச் சங்கம் ஒன்றில் கணினி நிரல் தெரிந்தவள் சூடாமணி ஒருத்திதான். அதனால் எது மெதுவாக ஓடினாலும் பழி அவள் தலையில்.

அன்றும் சேலை இருப்புப் பட்டியல் வர நாற்பது நிமிடம் ஆனது. கிடங்கைப் பார்க்கும் ஜெயம்மாள் எதிரில் வந்து நின்றாள்.

“இன்னாமா, கடைக்காரங்க காத்துக்கினு இருக்காங்க!”

மேலாளர் ராம்ப்ரஸாத் புது கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்றார்.

“மெஷின்ல கோளாறு இல்ல சார். புரோகிராம்ல நிறப் பேர் எடுக்கற ஃபங்ஷன்தான்.”

“நிற டேபிள்ல நாப்பத்திரண்டு வரிதானேம்மா? அதுக்கா இவ்ளோ நேரம்?”

இதை அவருக்கு எத்தனை முறைதான் சொல்வது! பட்டியலில் அறுபதாயிரம் சேலைகள். உடல், கரை, முந்தானை என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம். நிறம் எண்ணாகத்தான் பதிவாகியிருக்கும்; ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் தேடி அந்த ஃபங்ஷன் எழுந்து போய் டேபிளைக் கேட்டுவிட்டு வருகிறது. டேபிள் சின்னதுதான், நடைதான் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அவர் கேட்கவில்லை. புது கம்ப்யூட்டர் வந்தது. பட்டியல் முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்தது.

சூடாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், ஒன்பது வருடத்துக்கு முன் அந்த ஃபங்ஷனை எழுதியவளும் அவளேதான். அப்போது சேலை மூவாயிரத்தைத் தாண்டாது.

உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இனி அந்த ஃபங்ஷன் முதல் அழைப்பிலேயே நாற்பத்திரண்டு வரியையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். பிறகு அங்கேயே பார்த்துப் பதில் சொல்லும். பட்டியல் ஒரு நிமிடத்தில் வந்தது. ராம்ப்ரஸாத் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

மத்தியானம் ஜெயம்மாள் மறுபடி வந்தாள்.

“எலைப்பச்சைய கிளிப்பச்சைன்னு மாத்தினேன். நீ இன்னும் எலைப்பச்சைன்னே குடுத்துக்கினு இருக்கியே!”

சூடாமணி தலையில் அடித்துக்கொண்டாள். தரவுத்தள இணைப்பு அறுந்தால்தான் நினைவகம் காலியாகும்; அது காலையிலிருந்து அறுபடாததால், அப்போது ஏற்றிய பெயர்களையே நினைவகம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பட்டியலும் தொடங்கும்போது ஒரே ஒரு முறை டேபிளைப் புதிதாக வாசிக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள். கிளிப்பச்சை வந்தது, நேரமும் கூடவில்லை.

“ஆங், இப்ப சரி” என்று ஜெயம்மாள் தாளை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் சூடாமணி மற்ற ஃபங்ஷன்களையும் திறந்து பார்த்தாள். ஊர்ப் பெயருக்கு ஒன்று, ஜரிகை வகைக்கு ஒன்று என்று அதே பாணியில் இன்னும் பதினொன்று. எல்லாவற்றிலும் எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான். தன்னையே திட்டிக்கொண்டு முதலாவதைத் திருத்தத் தொடங்கினாள்.