மெழுகுத் தரையில் பழகிய கால்

1950 நவம்பரில் எங்கள் நகரத்துத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த முதல் கறுப்பர் என் அப்பா, ஆம்ப்ரோஸ் டில்லார்ட். சேர்ந்தார் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. ஐந்து ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும், அதன்பிறகுதான் ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இரும்பு ஆலை வேலையை விட்டுவிட்டார். நான்கு ஆட்டங்கள் முடிந்தும் பயிற்சியாளர் ஹல்லர் ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் சொன்னது ஒன்றுதான், அதுவும் முதல் நாளே. "டில்லார்ட், கூடைப் பலகையில பட்டு வர்ற பந்தைப் பிடி. நம்ம ஆளுங்க கையில குடு. கூடையில போடுற வேலை உனக்கு வேண்டாம்."

எங்கள் கறுப்பர் குடியிருப்பான லாரெல் தெருவின் அணிக்காக ஒரே ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தவர் அப்பா. "சரிங்க கோச்" என்றாராம்.

அந்தச் 'சரிங்க' எனக்கு வெகுகாலம் உறுத்தியது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே படித்ததை வைத்துக்கொண்டு அப்பாவை எடைபோட்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஒருவருடைய ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கு ஒரு நாளும் கிடையாது.

ஐந்தாவது ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. லாரெல் தெருவிலிருந்து நாற்பது பேர் கிளம்பினார்கள், அத்தனை பேரும் நடன உடையில். எங்கள் பக்கத்தில் கூடைப்பந்தை நடனக்கூடத்தில்தான் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கூடைகளை ஓரம் தள்ளுவார்கள், நடனத்துக்குப் பேண்ட் இசை தொடங்கிவிடும். வெள்ளைக்காரர்களின் அரங்கில் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைமுடி அலங்காரக் கடை வைத்திருந்த கொரீன் பச்சைப் பட்டும் வெள்ளி நிறச் செருப்புமாக வந்தாள்.

அரங்கின் உச்சி மூலையில் இடம் கிடைத்தது. அவர்களுக்கு முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, கல்யாணத்துலேர்ந்து வர்றீங்களா?" என்றார்.

"டான்ஸுக்குங்க" என்றாள் கொரீன். "நீங்க என்ன, இந்தக் கோட்டோடயா ஆடப் போறீங்க?"

அந்த அரங்கில் ஐஸ் ஹாக்கியும் நடக்கும். பனித்தரையின் மேல் பலகை விரித்துத்தான் கூடைப்பந்து. அன்று வெளியே திடீரென்று வெயில் அடித்திருந்தது. இரண்டாம் பாதியில் கீழிருந்த பனி உருகி, பலகை இடுக்குகளில் நீர் கசிந்தது. ஓடியவர்கள் நிற்க முடியாமல் வழுக்கி விழுந்தார்கள். அப்பா விழவில்லை. நடனக்கூடத்துத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்பே மெழுகு போட்டுவிடுவார்கள், பிறகு நடனமாட வருகிறவர்களுக்காக. அந்தத் தரையில்தான் அப்பா ஓடப் பழகினார். முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுசாக ஊன்றி.

"பாருடி ஒலீட்டா, உன் வீட்டுக்காரன் கோழி மாதிரி நடக்குறான்!" என்று கொரீன் அம்மாவை இடித்தாளாம்.

"கோழியாவது நிக்குதே. அங்க எல்லாம் உருளுது" என்றாள் அம்மா.

அரை நிமிடம் மிச்சம், அப்பாவின் அணி ஒரு புள்ளி பின்னால். எதிரணிக் கூடையின் கீழே, கூடைப் பலகையில் பட்டுத் திரும்பிய பந்து அப்பாவின் கையில். கொடுக்க ஆள் தேடினார். அணியின் நட்சத்திரம் விக் நோவோட்னி தரையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள்.

"குடு! யார்கிட்டயாச்சும் குடு!" என்ற ஹல்லரின் கத்தல் உச்சி மூலைவரை கேட்டது. ஒப்பந்தம் அந்தக் குரலில்தான் இருந்தது.

அப்பா எறிந்தார். பந்து வளையத்தில் பட்டு வெளியே துள்ளியது. நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் மறுபடியும் அவர் கைக்கே வந்தது. "குடுன்னா குடுடா!" என்று ஹல்லர் கத்தக் கத்த, அப்பா மறுபடியும் எறிந்தார். கூடையில் விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

உடை மாற்றும் அறையில் ஹல்லர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"குடுக்கத்தான் பாத்தேன் கோச். வாங்குறதுக்கு யாரும் எழுந்திருக்கல."

முதலில் சிரித்தவர் நோவோட்னி. "என்னையத்தான் சொல்றான் கோச்" என்றார், ஈரக் கால்சட்டையைப் பிழிந்தபடி. ஹல்லர் சிரிக்கவில்லை. "செவ்வாக்கிழமை ஆட்டத்துக்குக் காலைல ஏழு மணிக்கு ரயில் ஸ்டேஷன்ல இரு. ஒப்பந்தத்துல கையெழுத்த அங்க வாங்கிக்கிறேன்" என்று திரும்பி நடந்தார்.

அப்பா அதோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். "கோச்" என்று கூப்பிட்டார். "செவ்வாக்கிழமை கூடையில போடலாமா?"

ஹல்லர் கதவைப் பிடித்தபடி திரும்பினார். "ரெண்டாவது தடவ என்னைக் கேட்டுட்டா போட்ட? போ, போடு."

அப்பா வெளியே வந்தபோது அரங்கின் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். உச்சி மூலையில் நாற்பது பேரும் எழுந்திருக்காமல் இருந்தார்கள். காவலாளி கெஞ்சிக்கொண்டிருந்தார்: "எந்த பேண்டும் வராதும்மா, வீட்டுக்குப் போங்க."

"ஏன்யா ஆம்ப்ரோஸ், இவங்களுக்கு டான்ஸே கிடையாதாமே! இந்த மாதிரி ஆளுங்களோட எப்படிய்யா இருப்ப?" என்று மேலிருந்து கத்தினாள் கொரீன்.

"செவ்வாக்கிழமையிலேர்ந்து இருக்கப் போறேன்" என்றார் அப்பா.

அம்மா படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா பதினொரு தடவை எறிந்தார். நான்கு விழுந்தன.