அன்ரன் பாடும் அடி

சண்டை திரும்பத் தொடங்கிய வருசம், என்னோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்கு வந்த அன்ரன் ஊர்காவற்றுறைக் கடலில் துவக்குச் சூடுபட்டுச் செத்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. கசிப்புச் சாராயத்துக்குள் விழுந்தேன். இனிக் குடிக்கமாட்டேன் என்று வீட்டுக்காரர் கோயிலில் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ண வைத்தார்கள். அது ஒரு கிழமைகூட நிற்கவில்லை.

பிறகு கொண்டுபோய்விட்ட ஆஸ்பத்திரியில் உளவளத்துணை அக்கா மட்டும் வேறு மாதிரிக் கேட்டா.

“குடிச்சா என்ன கிடைக்குது, தம்பி?”

“வலை இழுக்கேக்க நான் அம்பாப் பாட்டு எடுத்தா, அன்ரன்தான் மற்ற அடி பாடுவான். வெறியில அந்தக் குரல் கேக்குது, அக்கா.”

“அப்ப குடியை மட்டும் விடச் சொல்ல ஏலாது. அன்ரனைப் பற்றியும் கதைப்பம்.”

அவன் பேரைச் சொல்லி அன்றுதான் முதன்முதலாக அழுதேன். மாதக்கணக்காகக் கதைத்தோம். குடி மெல்ல விட்டது. குரலும் போய்விட்டது.

இன்றைக்கும் முதலடியைப் பாடிவிட்டு, அவனுடைய அடி முடியும்வரை பேசாமல் வலையை இழுக்கிறேன்.