அண்ணியின் அரசவைப் பாரசீகம்

எங்கள் சலவைக் கடையில் கவுண்டருக்கும் துணி தொங்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடுமளவுதான் இடம். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து அண்ணிக்கு அந்த ஸ்டூல்தான். எழுந்தால் போதும், இஸ்திரி மேசையிலிருந்து அண்ணன், "எங்க கிளம்பிட்ட?" என்பார். திட்டுவதில்லை. கேட்பார், அவ்வளவுதான். பின்னறைதான் வீடு, நீராவி அங்கேயும் வரும்.

கல்லூரியில் பாரசீகம் எடுத்து முதல் வருடம் முடிப்பதற்குள் அண்ணியைக் கட்டிவைத்துவிட்டார்கள். கூடவே வந்தது ஒரு பாடப்புத்தகம். பழைய அரச காவியம்; வலப்பக்கம் பாரசீகம், இடப்பக்கம் ஆங்கிலம். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பக்கத்தை அட்டையால் மறைத்து, மறுபக்கத்தைப் பார்த்துச் சொல்வார். பிறகு மாற்றி மறைப்பார். எல்லாச் சொல்லும் இரண்டு மொழியிலும் நாக்குக்கு வரும்வரை தாளைத் திருப்பமாட்டார். இளவரசனைக் கிணற்றில் தள்ளிய பக்கத்திலேயே ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தார்.

"இன்னுமா அண்ணி அவன் உள்ள இருக்கான்?"

"கயித்துக்கான வார்த்தை மறந்து மறந்து போகுது தம்பி. வந்ததும் தூக்கிடலாம்."

பெரிய மருத்துவமனைக்கு வெளிநாட்டு நோயாளிகள் வரத் தொடங்கியபோது, பாரசீகமும் ஆங்கிலமும் தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. அண்ணன் யோசித்தார். "கிடைச்சா கடைக்கு வேற ஆள் போட்டுக்கலாம். கிடைக்கலேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றார். துணைக்கு என்னை அனுப்பினார்.

மேலாளர் அம்மா எங்களை நேரே நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கே கூட்டிப்போனார். மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் காட்டி, "எங்க வலிக்குது, எத்தனை நாளான்னு கேட்டு எனக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார்.

அண்ணி நிமிர்ந்து நின்று கேட்டார். வரும்போது பேருந்தில் ஒத்திகை பார்த்தபோதே அதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டியிருந்தார்: "மேன்மை தங்கியவரே, தங்கள் திருமேனியை வருத்தும் துயர் யாது?"

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்திலிருந்த மனைவியை உலுக்கி, கேள் கேள் என்பதுபோல் காட்டினார். அந்தம்மா அண்ணியின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு பெரியவர் மளமளவென்று ஏதோ சொன்னார். அண்ணி மறுபடி கேட்டார். அவர் இன்னும் உற்சாகமாக, இன்னும் வேகமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் மேலாளர் அம்மா.

அண்ணியின் உதடு அசைந்தது. வயிறு என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"தெரியலைங்க. நான் சொல்றது அவருக்குப் புரியுது. அவர் சொல்றது எனக்குப் புரியலை."

மேலாளர் அம்மா கோபப்படவில்லை. "புத்தகத்துல படிச்சு வர்றவங்க பேசினா இவங்க இப்படித்தான் சிரிப்பாங்க. நீங்க தர்பார்ல பேசற மாதிரி பேசறீங்க போல. இவங்க வீட்ல பேசறதைத்தான் பேசுவாங்க. கொஞ்ச மாசம் காதால கேட்டுட்டு வாங்க. இந்த ஹால்லயே வந்து உக்காருங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

திரும்பும்போது கேட்டேன். "வயித்து வலின்னு சொல்லியிருக்கலாமே அண்ணி? வயித்தைத்தானே பிடிச்சிட்டிருந்தாரு."

"சிரிச்சதுல பிடிச்சாரு தம்பி." இரண்டு நிறுத்தம் போனபின், "நான் வயிறுன்னு சொல்லி, அங்க கத்தி வெச்சுட்டா?" என்றார்.

கடைக்குள் நுழைந்ததுமே அண்ணனிடம் சொன்னார். "வேலை கிடைக்கலை. ஆனா தினம் ஒரு மணி நேரம் அங்க போய் உக்காரணும்."

"உக்காந்து?"

"கேக்கணும்."

"இங்க உக்காந்து கேளேன். நாள் பூரா ஜனங்க பேசிட்டுத்தானே இருக்காங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "கவுண்டரை யார்கிட்ட விடறது? நீயே சொல்லு."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. ஆள் வந்தால் தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் போய்விடுகிறவன் நான் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு மணி நேரம்தானே" என்றார் மெதுவாக.

அதற்குள் ஒருவர் கம்பளி ஒன்றைக் கவுண்டரில் போட்டார். "ஏம்மா, நாளைக்குக் கிடைக்குமா?"

வந்தவரும் அண்ணனும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிடைக்கும்" என்றார் அண்ணி.

அண்ணன் அதை, நாளைக்கும் இங்கேதான் என்று தனக்குச் சொன்ன பதிலாகவும் எடுத்துக்கொண்டு இஸ்திரிக்குத் திரும்பினார்.